பதினொருவர் எழுப்பும் பேரிசை: மிங்கஸின் 1963 ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கேட்பது பற்றி

வாவிக்கரை (கல்லடி):

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளரும் கொன்றபாஸ் (பெரிய கீழ்ச்சுருதித் தந்திக்கருவி) கலைஞருமான சார்ள்ஸ் மிங்கஸ் 1963 ஜனவரி 20 ஆம் திகதி நியூயோர்க்கில் பதிவுசெய்த ‘த பிளாக் செயின்ற் அண்ட் த சின்னர் லேடி’ என்ற இசைத்தட்டைப் பற்றி ஆறுதலாகப் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். ஜாஸ் இசையில் பேரிசைக் குழுவுக்கென்று எழுதப்பட்ட படைப்புகள் பல உண்டு. அவற்றுள் மனதை மயக்குபவை சில, அறிவுக்கு வேலை வைப்பவை சில. கேட்பவரின் உடம்பையே முதலில் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு அறிவைத் தேடி வருகின்ற ஒன்றாக நான் கண்டது இதனைத்தான்.

இந்தத் தட்டில் வாசித்தவர்கள் பதினொரு பேர் மட்டுமே. இரண்டு ட்ரம்பெற், ஒரு ட்ரொம்போன், டியூபாவையும் அடித்தள ட்ரொம்போனையும் மாறி மாறி ஊதும் ஒருவர், சாக்சபோனும் புல்லாங்குழலும் வாசிக்கும் மூவர், பியானோ, கிற்றார், றம்ஸ், இவற்றுடன் கொன்றபாஸும் சில இடங்களில் பியானோவும் வாசிக்கும் மிங்கஸ். வயலின் வரிசை கிடையாது. அப்படியிருந்தும் முதன்முறை கேட்பவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள் என்று எண்ணுவதுண்டு. கருவிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்குப் பதிலாக, ஒவ்வொருவரும் தத்தம் வழியில் கதற விட்டு, அந்தக் கதறல்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் சுருதியை நிறுத்துகின்ற ஒரு முறையை மிங்கஸ் கையாண்டார். அந்தப் பருமன் அதனால் வருவது.

ஆறு பகுதிகள் கொண்ட இந்தப் படைப்பு சுமார் 40 நிமிடம் நீளமானது. முதற்பக்கத்தில் மூன்று பகுதிகள் தனித்தனியாக உள்ளன. மற்றைய மூன்றும் இரண்டாம் பக்கத்தில் சுமார் 18 நிமிடம் இடைவெளியின்றி ஓடுகின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் ஆட்டக்காரரின் பெயரே தலைப்பு: தனி ஆட்டம், இருவர் ஆட்டம், குழு ஆட்டம் என்றவாறு அவை செல்கின்றன. தலைப்புகளின் கீழே விடுதலை, அடிமை, புரட்சி, பிரிவு என்ற சொற்கள் இடம்பெறுகின்றன. ஆடுவோர் எவரும் இல்லாத ஓர் ஆட்டத்துக்கு இசை எழுதப்பட்டிருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டால், வேகம் ஏன் அடிக்கடி மாறுகிறது என்ற கேள்விக்கு விடை தானாகவே கிடைக்கும்.

தொடக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். டானி றிச்மண்டின் றம்ஸ் தனியே தொடங்குகிறது. நேரான நடையாக அது இல்லை. ஒரு நடைக்குள்ளே இன்னொரு நடை முட்டி நிற்பது போலக் கைகள் இரண்டும் வாதிடுகின்றன. அதன் அடியில் பரிட்டோன் சாக்சபோனும் டியூபாவும் கனத்த கீழ்ச்சுருதியில் ஒரு சிறு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் போடுகின்றன. அதன் மேலே பித்தளைக் கருவிகள் ஒரு சுரத்தைப் பிடித்து அதைச் சற்று வளைத்து வளைத்து நிறுத்த, சார்லி மரியானோவின் ஆல்ற்றோ சாக்சபோன் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது. முதல் சில நிமிடங்களுக்குள் இவ்வளவும் நடந்துவிடுகின்றன. அதுவரை மெட்டு என்று எதுவும் முழுமையாக வெளிப்படவில்லை, ஆனால் கேட்பவர் இனி எழுந்து போக மாட்டார்.

ஒரு நடைமுறை வேண்டுகோளும் உண்டு. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இதைக் கேட்டுவிட்டு முடிவுக்கு வரவேண்டாம். டியூபா, அடித்தள ட்ரொம்போன், மிங்கஸின் கொன்றபாஸ் ஆகிய மூன்றும் அதில் பெரும்பாலும் காணாமல் போய்விடும். அடித்தளம் போன பிறகு மிஞ்சுவது கூச்சல் மட்டுமே. நல்ல காதொலிப்பானில், இரவில், முதற்பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் தனித்தனி அமர்வுகளாகக் கேட்பது நல்லது.

சுருதிப்பெட்டி (களுவாஞ்சிக்குடி):

வாவிக்கரை அண்ணா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டே கேட்டேன். நான் பாடசாலையில் கர்நாடக இசை கற்பிப்பவள் என்பதால், என் காது எதைத் தேடும் என்பது உங்களுக்குப் புரியும். ஒரு சுரக்கோவை வெளிப்பட்டதும், அது எங்கெங்கு விரியும், எந்தச் சுரத்தில் நிலைகொள்ளும் என்று நான் எதிர்பார்க்கிறேன். இங்கே ஒரு வாக்கியம் வருகிறது, விரியாமல் அப்படியே நிற்கிறது, மீண்டும் வருகிறது, கூட்டம் சேர்கிறது, வேகம் கூடுகிறது, உடைகிறது. பிறகு முதலிலிருந்து தொடங்குகிறது. இரண்டாம் பக்கத்தில் இது மிகுதியாகவே நடக்கிறது. உணர்ச்சி இருக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வளர்ச்சி எங்கே என்பது என் கேள்வி. ஒரே ஏற்றத்தை மூன்று தடவை செய்வதால் மூன்றாவது தடவை அதன் வலிமை குறைந்துவிடாதா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். ட்ரொம்போன் ஒன்று மனிதர் பேசுவது போல, சில இடங்களில் அழுவது போலவும் திட்டுவது போலவும் ஒலிக்கிறதே, அது எவ்வாறு செய்யப்படுகிறது?

வாவிக்கரை (கல்லடி):

தங்கை, உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் முதலாவது கேள்விக்கான விடையின் ஒரு பாதி அதற்குள் இருக்கிறது.

பேசுகின்ற அந்த ட்ரொம்போனை ஊதியவர் குவென்ரின் ஜாக்சன். குழாய் அடைப்பை எடுப்பதற்குப் பயன்படுத்தும் இறப்பர்க் கிண்ணத்தின் பிடியைக் கழற்றிவிட்டு, இடது கையால் கருவியின் வாயில் அதை மூடியும் திறந்தும் ஊதுவது இந்த முறை. கிண்ணம் மூடும்போது ‘ஊ’ என்ற ஒலியும் திறக்கும்போது ‘ஆ’ என்ற ஒலியும் வருகின்றன. அதனுடன் தொண்டையால் உறுமவும் செய்தால் அது பேச்சாகிவிடுகிறது. ஜாஸ் பேரிசைக் குழுத் தலைவர் டியூக் எலிங்ரனின் குழுவில் 1920 களிலேயே பபர் மைலி ட்ரம்பெற்றிலும் ‘ரிக்கி சாம்’ நான்ரன் ட்ரொம்போனிலும் இந்தக் கலையை உயர்ந்த நிலைக்குக் கொண்டு சென்றார்கள். ஜாக்சன் எலிங்ரனிடம் பத்தாண்டுக்கு மேல் இருந்து அந்த மரபைக் கைக்கொண்டவர். மிங்கஸ் அவரைத் தேடி அழைத்ததில் ஒரு நோக்கம் இருந்தது. எலிங்ரனை மிங்கஸ் வாழ்நாள் முழுவதும் வணங்கினார். 1953 இல் அவருடைய குழுவில் மிகக் குறுகிய காலம் வாசித்து, இன்னொரு கலைஞருடன் ஏற்பட்ட கைகலப்பினால் விலக்கப்பட்டார். ஆயினும் 1962 இல் எலிங்ரன், றம்ஸ் கலைஞர் மக்ஸ் ரோச், மிங்கஸ் ஆகிய மூவரும் சேர்ந்து ஒரு தட்டுப் பதிவுசெய்தார்கள். அதற்குச் சில மாதங்களின் பின்னர் வந்ததே நாம் பேசுகின்ற படைப்பு.

இனி வளர்ச்சி பற்றி. சுரக்கோவை விரிவதை மட்டும் வளர்ச்சி என்று கொண்டால் உங்கள் குறை நியாயமானது. ஆனால் இங்கே மிங்கஸ் வளர்ப்பது குரல்களின் நிறத்தை. அதே வாக்கியம் முதல் தடவை வரும்போது அடியில் பரிட்டோன் சாக்சபோன் இருக்கிறது. பின்னர் வரும்போது அதன் மேலே இறப்பர்க் கிண்ணத்தின் உறுமல் ஏறியிருக்கிறது. இன்னொரு தடவை புல்லாங்குழல்கள் அதை மென்மையாக எடுக்கின்றன. சுரம் மாறவில்லை, சொல்பவர் மாறிவிட்டார், ஆகவே பொருளும் மாறிவிடுகிறது. இரண்டாவது பகுதியை மட்டும் தனியே எடுத்துக் கேளுங்கள். எலிங்ரனின் காதற்பாடல்களை நினைவூட்டும் தளர்ந்த மெட்டாகத் தொடங்கி, அதே பகுதிக்குள் நடை இறுகி, கீழ்க்குரல்கள் மேலேறி, இறுதியில் தொடக்கத்தின் இனிமையையே சந்தேகிக்க வைக்கும் நிலைக்கு வந்து சேர்கிறது.

வட்டக்களரி (வந்தாறுமூலை):

இந்த இழையை இரண்டு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்துக்கென எழுதப்பட்ட இசை என்ற சொல் வந்துவிட்டதால், கூத்துடன் நெடுங்காலம் வாழ்ந்தவன் என்ற முறையில் நான் சும்மா இருக்க இயலாது. மிங்கஸ் தாமே தம் படைப்பை ஜாஸ் என்ற வகைக்குள் வைக்காமல், ஓர் இனத்தவரின் நாட்டார் ஆட்ட இசை என்று அழைத்தார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மட்டக்களப்பின் வடமோடி என்ற வகைக் கூத்தில் ஒரு பாத்திரம் வரவுக்கு (களரியில் முதன்முதல் தோன்றுவதற்கு) வரும்போது தாளக்கட்டு ஒரு நடையில் எடுக்கப்படும். ஆட்டக்காரர் வட்டக்களரியை, அதாவது வட்டமான ஆடுகளத்தை, சுற்றி வர வர மத்தளம் இறுகும். சல்லாரி என்ற கைத்தாளம் அதனைப் பின்தொடரும். வேகம் உச்சத்துக்கு ஏறியதும் தாளம் தீர்க்கப்பட்டு, பாத்திரம் நின்று தரு என்ற கூத்துப் பாடலைப் பாடும். பிற்பாட்டுக்காரர் அதனை ஏற்றுப் பாடுவார்கள். அடுத்த பாத்திரத்துக்கு மீண்டும் முதலிலிருந்து அதே ஏற்றம். சுருதிப்பெட்டி தங்கச்சி கேட்ட கேள்வியைக் கூத்துப் பார்ப்பவர் எவரும் கேட்பதில்லை, ஏனெனில் ஒவ்வோர் ஏற்றத்திலும் களரியில் நிற்கும் ஆள் வேறு. மிங்கஸின் தட்டிலோ களரி வெறுமையாக இருக்கிறது. அங்கே ஆளை நாமே நிறுத்திக்கொள்ள வேண்டும். தனி ஆட்டக்காரர், இருவர், குழு என்ற தலைப்புகள் அதற்குத்தான் உதவுகின்றன.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறைத்துப் பேசக் கூடாது. கூத்தில் வேகத்தைத் தீர்மானிப்பவர் மத்தளத்துடன் நிற்கும் அண்ணாவியார், அதாவது கூத்தைப் பழக்கும் ஆசான். அவர் கையை எல்லோரும் பார்க்கிறார்கள், ஆட்டக்காரரின் காலை அவர் பார்க்கிறார். இந்தத் தட்டின் வேக ஏற்றத்தில் அப்படி ஒரு மையம் என் காதுக்கு அகப்படவில்லை. கொன்றபாஸ் முன்னே தள்ளுகிறது என்று நினைக்கும்போது றம்ஸ் அதனை இழுத்துக்கொண்டு போகிறது. பித்தளைக் கருவிகள் இரண்டையும் முந்துகின்றன. பதினொரு பேரும் சேர்ந்து விழாமல் விழுகிறார்கள். இது நம் களரியில் இல்லாத ஒன்று. இரண்டும் ஒன்றே என்று சொல்லிப் பெருமைப்படுவதைவிட, இந்த வேறுபாட்டைக் கேட்பதில் எனக்கு அதிக நிறைவு.

கற்பிக்கும் முறையில் மட்டும் நெருக்கம் உண்மையானது. மிங்கஸ் தம் கலைஞர்களுக்குப் பல வேளைகளில் எழுதிய தாளைக் கொடுக்காமல், பியானோவில் வாசித்தும் வாயால் பாடியும் பகுதிகளைக் கற்பித்தார். எழுத்தில் பார்த்தவன் எழுத்தையே வாசிப்பான், காதால் வாங்கியவன் அதைத் தன்னுடையதாக்கிக்கொள்வான் என்ற நம்பிக்கை அதில் இருந்தது. நம்மிடம் கூத்துக் கொப்பி உண்டு, அதனைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கும் ஏட்டண்ணாவியாரும் உண்டு. ஆனால் சட்டம் கொடுத்த (பாத்திரங்களைப் பகிர்ந்தளித்த) நாள் முதல் சதங்கை அணியும் நாள் வரை தருவும் ஆட்டமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்வது வாய்வழியாகவும் கால்வழியாகவுமே.

காலத்தையும் குறிப்பிட விரும்புகிறேன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962 இல் ‘கர்ணன் போர்’, 1963 இல் ‘நொண்டி நாடகம்’, 1964 இல் ‘இராவணேசன்’ என்று இரவிரவாக ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொண்டு வந்த ஆண்டுகளும் இவையே. ஊர் ஆட்டத்தை அதன் வலிமை குறையாமல் புதிய அளவுக்குள் எப்படி நிறுத்துவது என்ற கேள்வி அவருக்கும் மிங்கஸுக்கும் ஒரே வேளையில் இருந்திருக்கிறது. ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இருவரும் எதிர்கொண்ட சிக்கல் ஒன்றுதான்.

ஒலிநாடா (அக்கரைப்பற்று):

வட்டக்களரி ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவன் என்ற வகையில் ஒரு தடையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பதினொரு பேர் சேர்ந்து விழாமல் விழுகிறார்கள் என்று நாம் வியக்கிறோம். ஆனால் இந்தத் தட்டு ஒரே மூச்சில் வாசிக்கப்பட்டது அல்ல. நாடா பல இடங்களில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. மரியானோவின் ஆல்ற்றோ சாக்சபோன் குழு வாசித்து முடித்த பின்னர் மேற்பதிவாகச் சேர்க்கப்பட்டது. அன்றைய ஜாஸ் உலகில் இது பலருக்கு ஏற்புடையதாக இருக்கவில்லை, ஏனெனில் அந்தக் கலையின் பெருமையே அந்தக் கணத்தில் நிகழ்வதில்தான் இருப்பதாகக் கருதப்பட்டது. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கேட்டு நாம் உருகுகிறோமா என்ற கேள்வி எனக்கு உண்டு.

மறுபக்கத்தையும் நானே சொல்கிறேன். வேகம் ஏறிக்கொண்டே போகும் ஒரு பகுதிக்கு நடுவில் நாடாவை வெட்டுவது இலகுவானதன்று. ஒட்டின் இரு பக்கத்திலும் வேகம், சுருதி, ஒலியின் பருமன், கூடத்தின் எதிரொலி ஆகிய நான்கும் ஒத்திருக்க வேண்டும். ஏறுகின்ற வேகத்தில் இந்தக் கணத்துக்குரிய வேகம் அடுத்த கணத்தில் இல்லை. ஆகவே ஏற்றங்கள் பெரும்பாலும் குழு உண்மையாகவே சேர்ந்து வாசித்தவையாகத்தான் இருக்க வேண்டும். வெட்டுகள் வேகம் விழுந்து அமைதியாகும் இடங்களுக்கு அருகில் அமைந்திருக்கும் என்பது என் தொழில் சார்ந்த ஊகம். இரண்டாம் பக்கத்தில் சில இடங்களில் கிற்றார் திடீரென முன்னுக்கு வந்து நிற்பதை அந்தக் காதுடன் கேட்டுப் பாருங்கள்.

வாவிக்கரை (கல்லடி):

ஒலிநாடா நானா சொன்ன ஊகம் எனக்கு மிகவும் பயனுள்ளது. மேற்பதிவு பற்றி என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 1962 ஒக்ரோபர் 12 அன்று நியூயோர்க் ரவுன் ஹோலில் மிங்கஸ் மிகப் பெரிய குழுவை மேடையேற்றினார். இசைத்தாள்கள் முடியாமல், நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே பிரதியெடுப்போர் மேடையில் இருந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அது பெருந்தோல்வியாக முடிந்தது. மூன்று மாதங்களின் பின்னர் அவர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்றபோது குழுவைச் சுருக்கினார், முன்கூட்டியே இரவு விடுதியில் வாசித்துப் பழக்கினார், கூடத்தின் வசதிகள் எல்லாவற்றையும் பயன்படுத்தினார். மேடையில் கைவிட்டுப்போன பருமனை அவர் நாடாவில் மீட்டெடுத்தார். அதனை ஏமாற்று என்று நான் கருத மாட்டேன். எழுதுபவர் தம் பிரதியைத் திருத்தும் உரிமை இசையமைப்பவருக்கும் உண்டு.

காரைதீவான் (காரைதீவு):

மரியானோவின் பெயர் வந்தும் எவரும் அவரைப் பற்றி மேலதிகமாக எழுதாதது எனக்கு வியப்பாக இருக்கிறது, ஏனெனில் தமிழ் வாசகர்களுக்கு இந்தத் தட்டில் மிக நெருக்கமான மனிதர் அவர்தான்.

சார்லி மரியானோ 1923 இல் பொஸ்ரன் நகரில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். மிங்கஸின் தட்டு வெளிவந்து சில ஆண்டுகளுக்குப் பின்னர், 1960 களின் நடுப்பகுதியில், மலேசிய வானொலியின் இசைக்குழுவுடன் பணியாற்றக் கோலாலம்பூர் சென்றார். அங்கேதான் நாகசுரத்தின் ஒலி அவரைப் பிடித்துக்கொண்டது. அங்கேயே கற்கத் தொடங்கி, பின்னர் தென்னிந்தியாவுக்கும் சென்று பயின்றார். 1976 இல் வெளிவந்த ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ போன்ற தட்டுகளில் அவர் சாக்சபோனுடன் நாகசுரமும் வாசித்திருக்கிறார். 1983 இல் பெங்களூரின் கர்நாடக தாளவாத்தியக் கல்லூரிக் குழுவுடனும் பாடகி ஆர். ஏ. ரமாமணியுடனும் இணைந்து ‘ஜோதி’ என்ற தட்டை உருவாக்கினார். 2009 இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானார்.

இதை வைத்துக்கொண்டு மிங்கஸின் தட்டில் நாகசுரத்தின் செல்வாக்கு உண்டு என்று சொல்லிவிடக் கூடாது. பதிவு நடந்தது அவர் மலேசியா செல்வதற்கு முன்னர். நான் சொல்ல விரும்புவது அதற்கு நேரெதிரானது. முதற்பகுதியில் அவர் ஒரு மேற்சுரத்தை எடுக்கும் விதத்தைக் கவனியுங்கள். சுரத்தின் மேல் நேராக இறங்காமல் கீழிருந்து வழுக்கி ஏறி, ஏறிய இடத்தில் அசைத்து, மூச்சு முடியும் தறுவாயில் சற்று இறங்கி விடுகிறார். சாக்சபோனை இவ்வாறு ஊதிய ஒருவரின் காதில் நாகசுரம் விழுந்தபோது, தாம் நெடுநாளாகத் தேடியதை இன்னொரு நாட்டவர் சீவாளியும் குழலுமாகச் செய்து வைத்திருப்பதைக் கண்டிருப்பார் என்று நம்புகிறேன். மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் திருவிழாவில் நாகசுரத்தைத் திறந்த வெளியில், தவிலின் நடுவே, நூறடி தள்ளி நின்று கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சாக்சபோனின் உரத்த குரல் கரடுமுரடாகத் தோன்றாது. உரத்து ஊதுவதும் நயமாக ஊதுவதும் ஒரே கலைஞரிடம் ஒரே மூச்சில் இருக்க முடியும் என்பது நமக்குத் தெரிந்த விடயம்.

சுருதிப்பெட்டி தங்கைக்கு ஒரு வேண்டுகோள். இரண்டாம் பக்கத்தில் ஜே பேர்லினர் வாசிக்கும் கிற்றாரை உங்கள் காதால் கேட்டு எழுதுங்கள். அது ஸ்பானிய ஃபிளமென்கோ மரபைச் சேர்ந்தது. எங்கள் ஊர் விபுலாநந்த அடிகளார் 1947 இல் வெளியிட்ட ‘யாழ் நூல்’ பாலைகளின் (பழந்தமிழ் இசையின் அடிப்படைச் சுரவரிசைகளின்) பிறப்பை விளக்கும் பகுதியை வாசித்தவர்கள் அந்தக் கிற்றாரின் சுரங்களைக் கேட்டால் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சுருதிப்பெட்டி (களுவாஞ்சிக்குடி):

காரைதீவான் அண்ணா கேட்டதற்காக இரண்டாம் பக்கத்தை மாத்திரம் மீண்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் உறங்கிய பின்னர், சுருதிப் பெட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

ஸ்பானியக் கிற்றார் மரபு பெரிதும் நம்பியிருக்கும் சுரவரிசை நம் தோடி ராகத்தின் சுரங்களையே கொண்டது: சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். பண்ணாராய்ச்சியாளர் விளரிப்பாலை என்று பெரும்பாலும் கொள்வதும் இதனையே. ஆனால் அவர்கள் அடித்தளச் சுரத்துக்கு வந்து நிற்கும்போது அந்தர காந்தாரத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்போது தோடி மறைந்து வகுளாபரண ராகத்தின் சாயல் தோன்றுகிறது. இந்த இரண்டு காந்தாரங்களும் மாறி மாறி வரும் இடத்தில்தான் அந்த இசைக்கே உரிய ஏக்கம் இருக்கிறது. நம் தோடியில் அந்த ஏக்கத்தைக் காந்தாரத்தின் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, செய்கிறது. கிற்றாரின் கட்டைகள் அவ்வளவு அசைவுக்கு இடம்தராத காரணத்தால், அவர்கள் ஒரு சுரத்தை அசைப்பதற்குப் பதிலாக இரண்டு சுரங்களை எதிரெதிரே வைக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. இதனை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறேன்.

கிற்றார் தனியே ஒலித்து முடிந்து பித்தளைக் கருவிகள் பெருந்திரளாக நுழையும் இடங்களில் என் எதிர்ப்பு உண்மையாகவே தளர்ந்தது. ஆறு நரம்புகளிலிருந்து எல்லாக் கருவிகளுக்கும் அவ்வளவு விரைவாகச் செல்வதற்கு மிகுந்த துணிச்சல் வேண்டும்.

இருந்தாலும் ஏற்றங்களைப் பற்றிய என் கருத்தை நான் முழுவதும் விட்டுக்கொடுக்கவில்லை. வட்டக்களரி ஐயா சொன்னதுபோல் களரியில் ஆளை நிறுத்திக் கேட்டேன். முதல் ஏற்றத்தில் ஆள் தெரிந்தார், இரண்டாவதிலும் தெரிந்தார். கடைசி ஏற்றத்தில் எனக்கு ஆள் தெரியவில்லை, வேகம் மட்டுமே தெரிந்தது. அந்த இடத்தில் மிங்கஸ் சற்று முன்னதாகவே நிறுத்தியிருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இதன் பின்னர் எதைக் கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள், அண்ணா.

வட்டக்களரி (வந்தாறுமூலை):

தங்கச்சி, விடியற்காலை ஆட்டத்தில் எங்களுக்கும் அப்படித்தான். ஆள் மறைந்து ஆட்டம் மட்டும் நிற்கும் வேளை ஒன்று வரும். அதனைக் குறை என்று நீங்கள் சொல்லலாம். நான் அதற்காகவே விடியும் வரை களரியில் இருப்பவன். இதில் நாம் இருவரும் உடன்பட வேண்டிய அவசியம் இல்லை.

வாவிக்கரை (கல்லடி):

அடுத்து என்ன கேட்கலாம் என்ற கேள்விக்கு விடை சொல்வதற்கு முன்னர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடைசி ஏற்றத்தில் ஆள் தெரியவில்லை என்று தங்கை எழுதியதற்குப் பகுதித் தலைப்பே விடை தருகிறது என்று எண்ணுகிறேன். இறுதிப் பகுதியின் தலைப்பு காதல், வலி, கிளர்ச்சி ஆகியவற்றைச் சொல்லி, விடுதலை நாள் வரும் வரை அன்புக்குரியவரிடம் விடைபெறுகிறது. கறுப்பின அமெரிக்கர்கள் சம உரிமைக்காக வீதியில் இறங்கியிருந்த ஆண்டு அது. 1957 இல் லிற்றில் றொக் நகரில் கறுப்பினப் பிள்ளைகள் பாடசாலைக்குள் நுழைவதைத் தடுத்த ஆளுநரைப் பெயர் சொல்லியே ஓர் இசையை எழுதியவர் மிங்கஸ். தனி ஆட்டக்காரர் குழுவுக்குள் கரைந்து போவது அவருக்குத் தோல்வியாகத் தோன்றியிருக்காது. முன்னதாக நிறுத்தியிருந்தால் இசை அழகாக முடிந்திருக்கும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அழகாக முடிவதை அவர் விரும்பினார் என்று என்னால் நம்ப முடியவில்லை. தம் தட்டின் உறையில் தாம் எழுதியதுடன் நிற்காமல் தம் உளவியலாளரான எட்மண்ட் பொலக்கையும் எழுத அழைத்த மனிதர் அவர். தம்மை ஒழுங்குபடுத்திக் காட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை.

கேட்க வேண்டியவை இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, எலிங்ரன் 1943 ஜனவரியில் கார்னகி ஹோலில் முதன்முதலாக வாசித்த ‘பிளாக், பிரவுன் அண்ட் பெய்ஜ்’. அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றை ஒரு நீண்ட இசையாகச் சொல்ல முயன்ற படைப்பு அது. மிங்கஸின் இரண்டாவது பகுதியைக் கேட்ட காதுடன் அதற்குச் சென்றால், உறுமும் பித்தளைக் கருவிகள் எந்த வீட்டிலிருந்து வந்தவை என்பது தெளிவாகும்.

மற்றையது மிங்கஸின் ‘எப்பிராஃப்’. ரவுன் ஹோலில் சிதைந்துபோன இசை அந்தப் பெரும் படைப்பின் பகுதிகளைச் சேர்ந்தது. அவர் 1979 ஜனவரி 5 ஆம் திகதி மெக்சிக்கோவில் இறந்து, அவருடைய அஸ்தி கங்கையில் கரைக்கப்பட்ட பின்னர், அந்த இசைத்தாள்கள் கண்டெடுக்கப்பட்டன. நாலாயிரத்துக்கு மேற்பட்ட தாளச் சுற்றுகளைக் கொண்ட அந்தப் படைப்பு 1989 இல் நியூயோர்க்கில் குந்தர் ஷுல்லரின் நெறியாள்கையில் முப்பது கலைஞர்களுடன் மேடையேறியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் நீளும் அதனை ஒரே இருப்பில் கேட்க முயல வேண்டாம், தங்கை. முதற்பகுதிகளை மட்டும் கேட்டுவிட்டு இங்கே எழுதுங்கள். பதினொருவர் எழுப்பிய பருமனை முப்பது பேர் எழுப்பினார்களா என்பதை ஒலிநாடா நானாவும் நீங்களும் சேர்ந்து சொன்னால் இந்த இழையை அங்கிருந்து தொடரலாம்.